அச்சுப்பிழையில் சேர்ந்த பேண்டு

நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஆலன் என்ற ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. நம்மில் ஒருத்தியின் பேத்தி, பள்ளிக்கூட மார்ச்சிங் பேண்டில் ட்ரம்பெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறாள். எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். ஒருவர் மட்டும், அவர் யாரென்று அவருக்கே தெரியும், "என்ன, எங்க ஊர் சாவு பேண்டு மாதிரி இருக்கே" என்று எழுதினார். அவ்வளவுதான். பிள்ளையின் உழைப்பைக் கேலி செய்யலாமா, பெரிய மனுஷன் பேசுகிற பேச்சா என்று ஆளாளுக்கு அவர்மேல் பாய்ந்துவிட்டீர்கள்.

நான் பாயவில்லை. பிளெய்ன்ஸ்பரோவில் என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்று நீர் மட்டும் வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் இதே தப்பை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்தோம். பாவம், அவரை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன், கட்டைவிரல் வலிக்கும் அளவுக்கு நீண்டுவிட்டது. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து காபி போடப் போகலாம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தூத்துக்குடியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வடக்கு நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலை ஊர். அப்பாவுக்குப் பெயின்ட் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. அம்மா நர்ஸ். கீழே சலவைக் கடை, மேலே எங்கள் வீடு. நாள் முழுக்கச் சோப்பு மணம் தரைப்பலகை வழியாக ஏறி வரும். அந்த ஊரில் நமக்குத் தெரிந்த முகம் என்று இருந்தது கோயிலில் மாதாவின் முகம் ஒன்றுதான். (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.)

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் கொடுத்த அறிவிப்புத் தாளை வீட்டில் நான்தான் சத்தமாகப் படித்தேன். ஆங்கிலம் எழுத்தெழுத்தாக வந்த காலம். கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளைகள் 'டிரம் அண்ட் பியூகிள் கார்ப்ஸ்'ல் சேரலாம், பெண்பிள்ளைகளும் வரலாம் என்று போட்டிருந்தது. கார்ப்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அது அவள் ஆஸ்பத்திரியில் அன்றாடம் காதில் விழும் சொல். "பிணம்ட்டி. கடைசியில ஒரு 'ஈ' வரணும், அச்சுக்காரன் விட்டுட்டான். நம்ம ஊர் கோயில் நோட்டீஸ்ல இல்லாத பிழையா?" என்றாள். பிறகு தாளை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். "அடக்கத்துக்கு வாசிக்கிற பேண்டு. இந்த ஊர்லயும் வச்சிருக்காங்க, பாரேன்! நீ சேருத."

அப்பா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. "கோயில் விஷயம்னா அனுப்பு" என்றதோடு சரி.

அம்மா ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரியில் ஊரில் அவளுடைய அப்பா இறந்துபோனார். தந்தி வந்த அன்று அம்மா வீட்டில் இல்லை. நர்ஸ் லைசென்ஸ் பரீட்சைக்கு நாள் நெருங்கியிருந்தது. அதில் தவறினால் வேலை போகும், வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அப்பா தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. முடிந்த அன்று, நன்றாக எழுதிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறியவளிடம் சொன்னார். பின்சீட்டில் நான் இருந்தேன். அம்மா அழவில்லை. காரின் ஹீட்டரை அணைத்தாள். வீடு வரும்வரை மூன்று பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தோம்.

அப்பா கெட்டவர் இல்லை. அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். எப்படியும் போயிருக்க முடியாது, டிக்கெட்டுக்கு எங்கே போவது? ஆனால் அன்றே தெரிந்திருந்தால் அன்றே அழுதிருப்பாளே! அதை அவர் யோசிக்கவில்லை. என் பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

பிறகு ஊரிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. பேண்டு வைத்து, ஊர் மெச்ச அடக்கம் பண்ணினோம் என்று எழுதியிருந்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "என்ன பாட்டு வாசிச்சாங்கன்னு எழுதலையே" என்றாள். பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்த அறிவிப்புத் தாள் வந்து விழுந்தது. 'யாரோ பெற்ற பிள்ளைகள் என் அப்பாவுக்கு வாசித்தார்கள், நான் பெற்ற பிள்ளை யாரோ ஒருவருக்கு வாசிக்கட்டும்.' அம்மாவின் கணக்கு அவ்வளவுதான்.

முதல் நாள் வெள்ளைக் கவுன், கறுப்பு ரிப்பன், பையில் ஜெபமாலையோடு கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளும்படி அம்மா சொல்லியிருந்தாள். அங்கே தார்த் தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி கிடந்தது. நான் அதன் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தால், முகமெல்லாம் செம்புள்ளியாக ஒரு நெட்டைப் பெண் பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து கொடிக்கம்புகளை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அந்த நெட்டைப் பெண்தான் வரிசையில் எனக்குப் பக்கத்து இடம். அந்தக் கோடை முழுக்க எனக்கு இருந்த ஒரே தோழியும் அவள்தான்.

பிணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது போட்டிக்குப் போகிற பேண்டு. பழைய பங்குச் சாமியார் ஒருவர், தெருவில் அடித்துக்கொண்டு திரிந்த பையன்களைக் கட்டி மேய்ப்பதற்காக, ராணுவம் கழித்த பியூகிள் என்ற பித்தளை ஊதுகொம்புகளை வாங்கி ஆரம்பித்தாராம். கோயிலின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கக் கோப்பைகள். ஒரு காலத்தில் இடம் கேட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்களாம். நான் போன வருஷம் ஆள் பாதியாகிவிட்டது. இல்லாவிட்டால் பியூகிளை எந்த முனையில் ஊதுவது என்று கேட்டவளைச் சேர்த்திருப்பார்களா?

அப்பா கூட்டிப்போக வந்தபோது காரில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. "கோர்டி, கோர்! என்.சி.சி.யில கடைசி 'சி' அதான. படைன்னு அர்த்தம். எழுதுறது ஒண்ணு, சொல்லுதது ஒண்ணு." பிறகு சிரிப்பு அடங்கி, வண்டியைத் திரும்பக் கிளப்பினார். "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம். இந்த ஒரு வாரமாத்தான் அவ ராத்திரி தூங்குதா. கெடுத்துராத" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "இன்னிக்கு யாருக்கு?"

நான் விழித்தேன். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஒரு வயசான ஐரிஷ்காரர். தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றார்.

"நல்ல சாவு" என்றாள் அம்மா. அன்று ஜெபமாலையில் அந்த ஐரிஷ்காரருக்கும் சேர்த்துச் சொன்னோம்.

அப்படி ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, சனிக்கிழமை போட்டி. அம்மாவுக்கோ ஆஸ்பத்திரியில் மாலை ஷிஃப்ட், சனிக்கிழமையும் வேலை, நேரில் வந்து பார்க்க வழியில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேள்வி மட்டும் வரும். அப்பா ஒவ்வொருவராகச் சாகடித்தார். ஒரு இத்தாலிய பேக்கரிக்காரர். ஒரு போலிஷ் விதவை. பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒருவர், அவருக்கு மட்டும் ஏனோ இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கொடுத்துவிட்டார். அம்மா அந்தப் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒருநாள் மறதியில் ஐரிஷ்காரரை இரண்டாம் தடவை சாகடித்துவிட்டார். "அவருதான் ஈஸ்டருக்கு முந்தியே செத்தாரே?" என்றாள் அம்மா. "இது அவர் தம்பி" என்றார் அப்பா. எனக்குப் புரையேறியது.

அந்தக் கோடையை எப்படிச் சொல்வது? பித்தளை பாலிஷின் புளித்த மணம், வெயிலில் இளகி ஷூவில் ஒட்டும் தார். பியூகிளின் வாயை அழுத்தி அழுத்தி என் மேலுதட்டில் ஒரு வட்டத் தழும்பு விழுந்திருந்தது, சாம்பார் பட்டால் எரியும். போட்டி நாளில் மட்டும் கீழ்த்தளத்திலிருந்து உடுப்பு கொடுப்பார்கள்: நீலக் கோட்டு, வெள்ளைக் கையுறை, உச்சியில் வெள்ளை இறகு வைத்த உயரத் தொப்பி. களத்தில் இறங்குவதற்கு முன் ஒருவர் வந்து தொங்கும் நூல், கலைந்த முடி எல்லாம் தேடுவார். நெட்டைப் பெண்ணின் செம்முடி எப்போதும் தொப்பியை மீறி வெளியே வரும். எனக்கு அந்தக் கவலையே இல்லை. அம்மா தேங்காயெண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை, புயலடித்தாலும் அசையாது.

களத்தில் நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக எங்கள் வரிசைக்குள்ளேயே புகுந்து நடப்பார்கள். சுருதி தப்பினால் ஒரு கீறல், கால் பிசகினால் ஒரு கீறல். அதை 'டிக்' என்போம். டிக் என்றால் எங்களுக்கு நடுக்கம்.

வீட்டில் பழகும்போது வேகமாக ஊதினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "மெதுவா ஊதுட்டி. பிணம் ஓடியா போகும்?" என்பாள். அதனால் பயிற்சிக்கு முன்னால் வாய் சூடேறுவதற்காக எல்லாரும் வளைவாக நின்று ஊதும் மெதுவான ஒரு பாட்டை மட்டும் வீட்டில் ஊதுவேன். அதில் என் பங்குக்கு நாலைந்து சுரம்தான். துணி மடித்துக்கொண்டே அம்மா தலையாட்டிக் கேட்பாள்.

ஆகஸ்டில் கடைசிப் போட்டி வந்தது. முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். வராவிட்டால் கோயில் அடுத்த வருஷம் பேண்டை நடத்தாது என்று கீழ்த்தளத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அப்பாதான் என்னைக் கூட்டிப்போனார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். வெளியே பெரிய கார் நிறுத்துமிடம் நிறைய பஸ்கள், ஒவ்வொரு பஸ்ஸைச் சுற்றியும் ஒரு பேண்டு. நாங்கள் தொப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது நெட்டைப் பெண்ணின் அம்மா, எங்கள் உடுப்பெல்லாம் தைக்கிறவர், தன் காரில் வந்து இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது எங்கள் அம்மா. வெள்ளைப் புடவை. கையில் புளிச்சாதத் தூக்குவாளி.

"செத்தேன்" என்றார் அப்பா.

அம்மா ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். பெரிய நாள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று அந்த ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா பஸ்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏங்க, இம்புட்டுக் கூட்டமா! யாரு, கவர்னரா?" என்று குரலைத் தணித்துக் கேட்டாள். அதற்குள் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. மைதானத்துக்குள் விசில் பறந்தது. அம்மாவின் பார்வை இறகுகள்மேல், பலூன்கள்மேல், குச்சியைச் சுழற்றிக்கொண்டிருந்த டிரம் பையன்கள்மேல் போய் அப்பாவிடம் வந்து நின்றது.

"பெட்டி எங்க?"

அப்பா சொன்னார். கோர், என்.சி.சி., அச்சுப்பிழை இல்லாத அச்சுப்பிழை, எல்லாவற்றையும். அம்மா சிரித்துவிடுவாள் என்று நானும் எதிர்பார்த்தேன், அவரும் எதிர்பார்த்தார்.

"அந்த ஐரிஷ்காரர்?"

"அப்படி யாரும் இல்ல."

"பேக்கரிக்காரர்?"

"இல்ல."

"பாலத்துக்கிட்ட கடை வச்சிருந்தவரு? ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னீங்களே?"

"யாருமே சாகல. நீ தூங்கணும்னுதான்…"

"எங்கப்பா செத்ததை மறைச்சீங்க" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "இப்ப சாகாதவங்களை எல்லாம் சாகடிச்சிருக்கீங்க. நான் இத்தனை நாளா யாருக்குங்க ஜெபம் சொன்னேன்?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாட்டி வீட்டுக்கு."

வரிசையில் ஓர் இடம் காலியானால் என்ன ஆகும் தெரியுமா? அதைச் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் டிக் விழும். நெட்டைப் பெண் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். விட மாட்டேன் என்றாள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அவள். நடுவில் தொப்பி கோணலாகி நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு டைரக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், வாரநாட்களில் தபால்காரர். அம்மா தன் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அவரிடம் கேட்டாள்: இந்த பேண்டு இறந்தவர்களுக்கு வாசிக்குமா, வாசிக்காதா?

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். டிரம் பையன்கள் சிரித்தார்கள். டைரக்டர் திரும்பிப் பார்த்ததும் நின்றது. அவர் அம்மாவிடம், யார் இறந்தது என்று கேட்டார்.

"என் அப்பா. பிப்ரவரியில். நான் இங்கே இருந்தேன்" என்றாள் அம்மா.

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைதானத்தின் கேட்டைப் பார்த்தார், அங்கே எங்களுக்கு முந்தைய பேண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிறகு இரண்டு கைகளையும் தூக்கினார். அப்படித் தூக்கினால் வளைவாக நிற்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றுங்கள் என்றார். அதை அவர் அதற்கு முன் சொன்னதே இல்லை.

அம்மா என் கையை விட்டாள். நான் ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன்.

அந்த மெதுவான பாட்டுத்தான். பெரிய பியூகிள்கள் அடியிலிருந்து ஆரம்பித்தன. அழுத மூக்கோடு எனக்கு ஊத வரவில்லை, முதல் சுரம் காற்றாகப் போனது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டேன். அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு கார் நிறுத்துமிடத்தில், என் அம்மா அவளுடைய அப்பாவுக்காக அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், ஊரில் அழுவது மாதிரி "எப்பா, எப்பா" என்று அழுதாள்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. டைரக்டர் அம்மாவைப் பார்த்தார், கையை நிறுத்தாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவைத்தார். கேட்டிலிருந்து ஒருவர் கையசைத்துக் கூப்பிட்டார், டைரக்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மா குனிந்து, தார்த் தரையின் ஓரம் புல் முளைத்திருந்த இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி எடுத்தாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், குழிக்குள் பெட்டியை இறக்கியதும் எல்லாரும் ஒரு பிடி மண் போடுவோம். இங்கே குழி இல்லை. எடுத்த இடத்திலேயே, அந்தச் சின்னப் பள்ளத்திலேயே, அம்மா மண்ணைப் போட்டாள். பிறகு நிமிராமலே, "நீங்களும் போடுங்க" என்றாள்.

அப்பா குனிந்தார். அவரும் ஒரு பிடி எடுத்தார். போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேட்டுக்கு நாங்கள் நேரம் கழித்துப் போனோம். அதற்குத் தண்டமாகப் புள்ளி குறைத்தார்கள். களத்தில் அன்றைக்குப் போல நாங்கள் என்றுமே வாசித்ததில்லை, ஆனாலும் ஆறாவது இடம். தண்டம் இல்லாவிட்டால் ஐந்தாவது. நெட்டைப் பெண் அழுதாள், டிரம் பையன்களும் அழுதார்கள். அந்தக் குளிர்காலத்தில் கோயில் பேண்டைக் கலைத்தது. பியூகிள்களை வேறு ஊர் பேண்டுக்கு விற்றார்கள். என்னுடையது எங்கே போனதோ, அதன் வாய்முனையில் என் பல் பட்ட வடு ஒன்று உண்டு. அன்று வென்றிருந்தாலும் பேண்டு பிழைத்திருக்காது என்று பிறகு டைரக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா, எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னதா, தெரியாது.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா முன்சீட்டில் தூக்குவாளியை மடியில் வைத்திருந்தாள். புளிச்சாதத்தை நெட்டைப் பெண்ணும் அவள் அம்மாவும் வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

"பிள்ளைங்க எல்லாம் ஏன் அழுதுச்சு?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். 'வேண்டாம்' என்று சொல்லப்போகிறார், இன்னொரு கதை கட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நமக்காக நின்னதுல லேட் ஆயிருச்சு. அதுல பாயின்ட் போச்சு. அதான் தோத்தாங்க" என்றார்.

ஹீட்டரை அணைக்க அது குளிர்காலம் இல்லை. அம்மா ஜன்னல் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அது என்ன பாட்டுட்டி?"

"பேரு இல்லம்மா. ரெண்டாம் நம்பர்னுதான் சொல்லுவாங்க."

"அதான்" என்றாள். "எங்கப்பாவுக்கும் அதைத்தான் வாசிச்சிருப்பாங்க."

பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். அவளுடைய அப்பாவுக்காக என்றாள், அந்த டைரக்டருக்கும் அழுத பிள்ளைகளுக்கும் என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்புறம் அந்த ஐரிஷ்காரருக்கும், அவர் தம்பிக்கும்" என்றாள்.

"அவங்கதான் சாகவே இல்லையே" என்றார் அப்பா மெதுவாக.

"சாகாமலா இருக்கப்போறாங்க? அன்னிக்கு உதவும். நீங்க ஆரம்பிங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.